டால்பின் ஷோவும் ஈ.சி.ஆர். ரோடும்: ஒரு பழைய கதை

பாலாநகருக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இங்கிருந்து கிளம்பினால் கடல் தண்ணீரில் காலை நனைக்க 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். எங்கள் பேட்டையில் இருப்பதெல்லாம் லேத்து, மில்லிங் மெஷின், டூல் ரூம், 2021-இல் திறந்த மேம்பாலம், அதன் கீழே ஷேர் ஆட்டோ. பொட்டி தட்டுகிறவர்கள் ஆபீஸ் வேலையை 'ஆணி பிடுங்குவது' என்பார்கள். பாலாநகரில் அது உவமை இல்லை. நிஜமாகவே நட்டும் போல்ட்டும்தான்.

விஷயம் என்னவென்றால், விடுமுறைக் காலம் வந்துவிட்டால் சொந்தபந்தங்களின் போட்டோக்கள் வரிசையாக வரும். துபாயில் இருக்கும் மச்சினன் குடும்பம், சிங்கப்பூரில் சித்தி பெண், ஃப்ளோரிடாவில் கல்லூரி நண்பன். எல்லா ஆல்பத்திலும் ஒரு படம் உறுதி. பின்னால் டால்பின் துள்ளும், முன்னால் நம்மாட்கள் நனைந்துகொண்டு சிரிப்பார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா விசிட் விசாவில் வந்தால் கூட்டிப்போகும் பட்டியலிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. கூடவே ஒரு கேள்வியும் வரும்: "இதெல்லாம் நம்ம ஊர்ல ஏன் இல்லை?" அதற்கு யாராவது ஒருத்தர், "நம்மாளுங்களுக்கு ஏதுப்பா அந்த டெக்னாலஜி?" என்று முடித்து வைப்பார்.

அங்கேதான் எனக்கு இந்தப் பதிவு எழுதத் தோன்றியது. ஏனென்றால் நம்ம ஊரில் அது இருந்தது. சென்னையிலேயே இருந்தது. இப்போது இல்லாததற்குக் காரணம் ஏழ்மையோ டெக்னாலஜியோ அல்ல. யோசித்து எடுத்த ஒரு முடிவு. அந்த முடிவின் கதை நம் தமிழ்நாட்டுக் கதையும்கூட.

கொஞ்சம் பின்னால் போவோம். திமிங்கிலத்தைப் பிடித்து வந்து காசு வாங்கிக் காட்டும் யோசனை ஒன்றும் புதிது இல்லை. 1861-இலேயே பார்னம் என்ற அமெரிக்க வித்தைக்காரர் நியூயார்க்கில் தன் மியூசியத்துக்குள் பெலூகா என்ற வெள்ளைத் திமிங்கிலங்களைக் கொண்டுவந்து காட்டினார். அவை சில நாட்களிலேயே செத்தன. இன்று நாம் பார்க்கிற மாதிரியான டால்பின் காட்சிக்கு வேர் 1938-இல் ஃப்ளோரிடாவில் திறந்த 'மரீன் ஸ்டூடியோஸ்'. பெயரைக் கவனியுங்கள், ஸ்டூடியோ. கடலுக்கடியில் சினிமா எடுக்க வசதியாகக் கட்டியது அது. டால்பின்கள் பந்தைத் தட்டி விளையாடுவதைப் பார்த்தவர்கள் அதையே ஷோவாக மாற்றினார்கள். 1963-இல் 'ஃப்ளிப்பர்' படம், அடுத்த ஆண்டே அதே பெயரில் டிவி தொடர். 1964-இல் சாண்டியாகோவில் சீ வேர்ல்ட். 1965-இல் அங்கே 'ஷாமு' என்ற ஓர்க்கா. அதன்பிறகு உலகம் பூராவும் குளம் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த அலை நம் கரைக்கு வந்து சேர்ந்தது 1998-இல். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'டால்பின் சிட்டி' என்று ஒரு கேளிக்கைப் பூங்கா. பல்கேரியாவிலிருந்து டால்பின்களை வரவழைத்தார்கள். சாலைக்குக் கிழக்கே வங்காள விரிகுடா. அதில் ஓங்கில்கள் (நம் மீனவர்கள் டால்பினை அப்படித்தான் சொல்வார்கள்) கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. அதே சாலையில் கட்டிய தொட்டிக்கு ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் டால்பின். முடிவு என்ன ஆயிற்று? வந்த ஆறு மாதத்துக்குள் அத்தனையும் செத்துப்போயின. இந்தியாவின் டால்பின் காட்சியக வரலாறு கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆரம்பமும் முடிவும் அந்த ஒரே தொட்டி.

ஆலைப் பக்கம் வேலை பார்க்கிறவனாக இதில் எனக்குப் புரிகிற பகுதி ஒன்று உண்டு. டால்பின் மீன் அல்ல, நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் பாலூட்டி. ஒரு டால்பின் நாளொன்றுக்கு சுமார் 8 முதல் 15 கிலோ மீன் தின்னும். தின்றதெல்லாம் கழிவாக அதே தண்ணீரில்தான் கலக்கும். கடலில் அலை அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் பம்பும் ஃபில்டரும் இருபத்து நாலு மணி நேரமும் ஓட வேண்டும். உப்பின் அளவும் சூடும் மாறாமல் பார்க்க வேண்டும். கிருமிக்குக் குளோரினோ ஓசோனோ போட வேண்டும், அது கூடினாலும் ஆபத்து. ஃப்ரீசரில் வைத்த மீனில் சில வைட்டமின்கள் குறைந்துவிடும் என்பதால் மாத்திரையை மீனுக்குள் திணித்துக் கொடுக்க வேண்டும். கவனியுங்கள், இத்தனையும் அதைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள இல்லை. வெறுமனே உயிரோடு வைத்துக்கொள்ள.

அதே 1998-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு இன்னொரு காரியம் செய்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இந்த ஐந்தையும் பழக்கி வித்தை காட்டக் கூடாது என்று அறிவிக்கை போட்டது. சர்க்கஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் தொழில், எங்கள் பிழைப்பு என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2000-இல் கேரள உயர் நீதிமன்றமும், 2001 மே மாதம் உச்ச நீதிமன்றமும் தடை செல்லும் என்று சொல்லிவிட்டன. நம் சின்ன வயதில் ஊர்த் திடலில் பார்த்த சர்க்கஸ் சிங்கம் நம் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை என்றால் இதுதான் காரணம். அந்தப் பட்டியலில் டால்பின் பெயர் இல்லை. அது நம் நாட்டு வித்தைகளில் இல்லாத பிராணி, அதனால் யாருக்கும் தோன்றியிருக்காது.

இந்த அறிவிக்கைக்கெல்லாம் தாய்ச் சட்டம் 1960-இல் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதற்குப் பின்னால் இருந்தவர் நமக்கெல்லாம் நாட்டியத்துக்காகத் தெரிந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனவர், அங்கே தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொல்லவே, தன் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். உறுதி சொன்னபடி சட்டம் வந்தது. அதன்கீழ் 1962-இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் டெல்லியில் அல்ல, சென்னையில். 2018-இல் ஹரியானாவுக்கு மாற்றும்வரை சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு, எண் 22. பதிவு செய்யாமல் எந்த விலங்கையும் வித்தைக்குப் பழக்கவோ காட்டவோ கூடாது என்கிறது. 1960-இல் சட்டம் எழுதியவர்கள் டால்பினை நினைத்திருக்கவே மாட்டார்கள். ஆனால் சுமார் 50 வருஷம் கழித்து அந்தப் பிரிவுதான் கைகொடுத்தது.

2010-க்குப் பிறகு மறுபடியும் ஆசை துளிர்த்தது. கொச்சியில் ஒரு திட்டம், மகாராஷ்டிராவில் சிந்துதுர்க் பக்கம் ஒன்று, டெல்லியை ஒட்டிய நொய்டாவில் ஒன்று. சுற்றுலா வளரும், வேலைவாய்ப்பு வரும் என்று வழக்கமான பாட்டு. விலங்கு நல அமைப்புகள் எதிர்த்துக் கிளம்பின. கேரளாவில் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் கையில் இருந்த முதல் சாட்சி சென்னை டால்பின் சிட்டிதான். 2013 ஜனவரியில் விலங்குகள் நல வாரியம் மாநிலங்களுக்கு எழுதியது: டால்பின் காட்சிக்கு அனுமதி தராதீர்கள். அந்தக் கடிதம் அனுப்பிய வாரிய அலுவலகம் அப்போது இருந்த இடம் திருவான்மியூர். ஈ.சி.ஆர். ஆரம்பிக்கிற அதே திருவான்மியூர். ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ரா இருக்கிற அதே ஊர். அதே ரோட்டில் தெற்கே போனால்தான் அந்தத் தொட்டி இருந்தது.

2013 மே 17 அன்று மத்திய வனவிலங்குக் காட்சியக ஆணையம் சுற்றறிக்கை விட்டது. வணிகக் கேளிக்கைக்காகத் திமிங்கில, டால்பின் இனங்களைப் பிடிக்கவோ இறக்குமதி செய்யவோ காட்சியகம் அமைக்கவோ வரும் எந்தத் திட்டத்தையும் மாநிலங்கள் ஏற்கக் கூடாது. கதை முடிந்தது.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். 'இந்தியா டால்பினுக்கு மனித உரிமை கொடுத்துவிட்டது' என்று ஒரு ஃபார்வர்டு பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கும். அது அப்படி இல்லை. இந்தப் பிராணிகளின் அறிவையும் உணர்வையும் பார்த்து, இவற்றை 'மனிதரல்லாத நபர்கள்' என்று கருத வேண்டும், இவற்றுக்கென உரிமைகள் வேண்டும் என்று விஞ்ஞானிகள் சிலர் சொல்கிறார்கள் என்று சுற்றறிக்கை தன் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. அவ்வளவுதான். டால்பினை நபராக்கும் சட்டம் எதுவும் பாராளுமன்றத்தில் நிறைவேறவில்லை. ஆனாலும் ஓர் அரசு ஆவணத்தில் அந்த வாதம் இடம்பெற்றதே பெரிய விஷயம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

சென்னையில் டால்பின்கள் செத்தன, அதனால் தடை வந்தது என்று மட்டும் கதையை முடித்தால், அடுத்த நிமிஷமே சிங்கப்பூர் சித்தி பெண் மடக்குவாள்: "இங்கே சாகலையே? நல்லா வச்சிருக்காங்களே?" அவள் கேட்பதில் பாதி உண்மை. ஆரம்ப காலத்தில் குளங்களில் சாவு மிக அதிகம். ஆனால் அமெரிக்காவின் நல்ல நிலையங்களில் இன்றைக்கு டால்பின்களின் ஆயுள் எவ்வளவோ கூடியிருக்கிறது. பம்பு, ஃபில்டர், டாக்டர் எல்லாம் முன்னேறிவிட்டது. அப்படியானால் டெக்னாலஜி வந்தால் டால்பின் ஷோ சரியா? 'நம்மாளுங்களுக்கு ஏது டெக்னாலஜி' என்று சொன்னவர் சொன்னதுதான் சரியா?

ஷோ நடத்துபவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். குளங்கள் இல்லையென்றால் டால்பினைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது. ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு அது வழி கண்டுபிடிக்கிறது என்று நிரூபித்தது தொட்டியில்தான். 1960-வாக்கில் கலிஃபோர்னியாவில் ஒரு டால்பினின் கண்ணை மூடிவிட்டுச் சோதித்தார்கள். அது எதிலும் முட்டாமல் நீந்தியது. 2001-இல் நியூயார்க் மீன்காட்சியகத்தில் டயானா ரைஸ், லோரி மரீனோ என்ற இரு ஆய்வாளர்கள் டால்பின் உடம்பில் மையால் குறி போட்டு, கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். கண்ணாடியில் தெரிவது வேறொரு டால்பின் அல்ல, தானே என்று அதற்குத் தெரிந்தது. மை இருந்த இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. (நம் வீட்டுக் குழந்தைகளுக்கே இது வர ஒன்றரை, இரண்டு வயது ஆகும்.)

ஆனால் பாருங்கள், அந்த ஆய்வு ஒரு கதவைத் திறந்து இன்னொன்றை மூடியது. தன்னைத் தானே அடையாளம் காணும் ஒரு ஜீவனை ஆயுள் முழுக்க ஒரு தொட்டியில் வைப்பது எப்படிச் சரி? அந்த லோரி மரீனோவே பிறகு தொட்டி டால்பின்களை வைத்து ஆராய்வதை விட்டுவிட்டு, அடைத்துவைப்பதை எதிர்க்கும் முக்கியமான குரல்களில் ஒருவர் ஆனார். தொட்டி கற்றுக்கொடுத்த பாடமே தொட்டிக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. 2013 சுற்றறிக்கை 'செத்துப்போகிறது' என்பதோடு நிற்காமல் அறிவு, உணர்வு என்று பேசியது அதனால்தான் முக்கியம். முதல் காரணத்தை நல்ல பம்பு செட் சரி செய்துவிடும். இரண்டாவதை எந்த பம்பும் சரி செய்யாது. தொட்டி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது தொட்டிதான். ஒரு நாளில் பல பத்து கிலோமீட்டர் திரியக்கூடிய, சொந்தக் கூட்டத்தோடு வாழ்கிற பிராணி அதில் வட்டம் அடித்துக்கொண்டிருக்கும். மீன் வேண்டுமென்றால் விசில் ஊதும்போது குதிக்க வேண்டும்.

"ஆனால் அது சிரிச்சுக்கிட்டே இருக்கே?" என்று குழந்தைகள் கேட்கும். அது சிரிப்பு இல்லை, தாடையின் அமைப்பு. செத்துக் கரை ஒதுங்கிய டால்பினின் முகத்திலும் அதே 'சிரிப்பு' இருக்கும்.

உலகமும் மெதுவாக அந்த இரண்டாவது காரணத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது. ஃப்ளிப்பர் தொடருக்கு டால்பின் பழக்கிய ரிக் ஓ'பேரி 1970-லேயே எதிர்ப்பக்கம் போய்விட்டார். ஒரு காலத்தில் 30-க்கு மேல் டால்பின் நிலையங்கள் இருந்த பிரிட்டனில் கடைசி நிலையம் 1993-இல் மூடியது. 1983-இல் ஐஸ்லாந்துக் கடலில் பிடிபட்ட திலிகம் என்ற ஓர்க்கா, 2010 பிப்ரவரியில் ஆர்லாண்டோ சீ வேர்ல்டில் தன் பயிற்சியாளரைக் கொன்றது. அதை வைத்து 2013-இல் வந்த 'பிளாக்ஃபிஷ்' ஆவணப்படம் அந்த நிறுவனத்தையே ஆட்டிவைத்தது. 2016-இல் ஓர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக சீ வேர்ல்ட் அறிவித்தது. கனடா 2019-இல் சட்டம் போட்டது. நாம் எல்லாவற்றிலும் பின்தங்கியவர்கள் என்று நினைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. இந்த ஒரு விஷயத்தில் கனடாவுக்கு ஆறு வருஷம் முன்னால் நிற்கிறோம்.

ரொம்பவும் மார் தட்டிக்கொள்ளவும் வேண்டாம். நம்மூரில் தடை சுலபமாக வந்ததற்கு ஒரு காரணம், இழக்க இங்கே யாருக்கும் எதுவும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த தொழில் இல்லை, பிழைப்பை இழக்கும் தொழிலாளி இல்லை, பழகிப்போன ரசிகர் கூட்டம் இல்லை. சர்க்கஸ் சிங்கத்துக்கும், பிற்பாடு ஜல்லிக்கட்டுக்கும் நடந்த சண்டையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். டால்பின் ஷோவின் ரசிகர் கூட்டம் நம்மில் எங்கே இருக்கிறது என்றால், வெளியூரில் இருக்கிறது. அதாவது, இதைப் படிக்கிற நம் வீடுகளில்.

துபாய் க்ரீக் பூங்காவில் டால்பின் அரங்கம் 2008-இல் திறந்தது. அபுதாபியில் 2023-இல் சீ வேர்ல்ட் வந்தது, ஓர்க்கா இல்லாமல், ஆனால் டால்பின்களோடு. சிங்கப்பூர் செந்தோசாவுக்காகச் சாலமன் தீவுகளின் கடலில் டால்பின்களைப் பிடித்தார்கள். 2010-இல் லங்காவியில் வைத்திருந்தபோது இரண்டு செத்தன. 2012 நவம்பரில் சிங்கப்பூருக்கு விமானத்தில் வரும் வழியிலேயே இன்னொன்று செத்தது. இதெல்லாம் டிக்கெட்டில் அச்சடித்திருக்காது. நம் நாட்டுச் சட்டம் நம் நாட்டுக் கரையோடு நின்றுவிடும். அதற்கப்பால் முடிவு, கவுண்டரில் நிற்கும் அப்பா அம்மா கையில்.

அப்போ குழந்தைகளுக்கு எதைத்தான் காட்டுவது என்று கேட்பீர்கள். காட்ட நிறைய இருக்கிறது. இலங்கையில் கல்பிட்டியில் டால்பின் கூட்டம், திருகோணமலையில் நீலத் திமிங்கிலம், இரண்டையும் பருவம் பார்த்துப் போனால் படகிலிருந்து பார்க்கலாம். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஓமானின் முசந்தம் பக்கம். இந்தியா வந்தால் பீகாரில் விக்ரமசீலா. 1991-லிருந்து அது கங்கை ஓங்கிலின் சரணாலயம். நம் தேசிய நீர்வாழ் விலங்கு அதுதான். 2025-இல் வெளியான கணக்கெடுப்பில் நம் ஆறுகளில் 6,327 ஓங்கில்கள் இருப்பது தெரிந்தது. படகில் போனால் டால்பின் கட்டாயம் வரும் என்று உத்தரவாதம் கிடையாது. அதன் இஷ்டம். 'இன்னிக்கு அதுக்கு வர மனசில்லை' என்று குழந்தையிடம் சொல்வதும் ஒரு பாடம்தானே?

இன்னொன்றும் அவர்களுக்குச் சொல்லுங்கள். 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கடற்கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. 1973-இலும் அதே கரையில் 147 ஒதுங்கியிருந்தன. இந்த முறை நம் மீனவர்கள் கயிறு கட்டி, படகில் இழுத்து, ஆழக் கடலில் கொண்டு விட்டார்கள். விட்டவை சில திரும்பவும் கரைக்கே வந்தன, மறுபடியும் இழுத்தார்கள். 45 செத்துப்போயின. மீதியைக் கடல் வாங்கிக்கொண்டது. டிக்கெட் இல்லை, விசில் இல்லை. யாரும் கைதட்டவும் இல்லை.

துபாய், சிங்கப்பூர், ஃப்ளோரிடா மக்களே, உங்கள் பிள்ளைகள் இந்த ஷோவைப் பற்றிக் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? போய் வந்தவர்களும் தயங்காமல் எழுதுங்கள், சண்டை போட மாட்டேன். டால்பின் சிட்டியை நேரில் பார்த்த சென்னைக்காரர்கள் யாராவது இருந்தால், நீங்கள் பார்த்ததைப் பின்னூட்டத்தில் அவசியம் சொல்லுங்கள்.

டிஸ்கி: மீன்காட்சியகம் வேறு, டால்பின் ஷோ வேறு. கண்ணாடித் தொட்டியில் கப்பி மீன் வளர்ப்பவர்கள் என்மேல் பாய வேண்டாம். அந்த விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.